சீமான் மகனும் அதிர்ஷ்ட தேவியும்

சென்னையை விட்டு மேற்கே போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர் என்று ஸ்டேஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கடைசியில் ஆவடி வந்து சேரும். ஜன்னலோரத்தில் இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நான் சொல்லப் போகும் விஷயமும் அதிர்ஷ்டத்தைப் பற்றியதுதான். ஆனால் ஜன்னலோரத்து அதிர்ஷ்டம் அல்ல. பெரிய மனிதர்களுடைய அதிர்ஷ்டம்.

ஏழையின் அதிர்ஷ்டத்தைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை. அவனுக்கு அது இருந்தால்தானே! பணக்காரனுக்கோ அதிர்ஷ்டம் என்பது வீட்டு வேலைக்காரனைப் போல வாசலிலேயே காத்துக் கொண்டிருக்கிறது. கூப்பிட்டால் வருகிறது, அனுப்பினால் போகிறது. என்றைக்காவது ஒரு நாள் சொல்லிக் கொள்ளாமல் போய் விடுகிறதே, அப்போதுதான் கதை பிறக்கிறது.

1955-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. ஸ்ரீ யு. என். தேபர் அக்கிராசனம் வகித்தார். மகாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். பொருத்தமான பெயர்தான். தீரர் சத்தியமூர்த்தி அரசியல் மேடையில் சிங்கமாக முழங்கியது ஒரு புறமிருக்க, சுகுண விலாஸ சபையில் வேஷங் கட்டி நடித்தவர். நடிகர்களைக் கூத்தாடிகள் என்று படித்தவர்கள் ஒதுக்கிய நாளில் அவர்களுடன் தோளோடு தோள் நின்றவர். அவர் பெயர் தாங்கிய அந்தத் திடலில்தான் இந்தத் தேசத்தின் செல்வமெல்லாம் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. சோஷலிஸ பாணியில் சமுதாயத்தை அமைப்பதே இலட்சியம் என்று தீர்மானம் நிறைவேறியது. பண்டித நேரு வந்திருந்தார். காமராஜர் அப்போது சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி.

அந்த மகாநாட்டுக்கு மூன்று மாதம் முன்பு, 1954-ஆம் வருஷத் தீபாவளிக்கு, தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் ஒரு படம் வெளியாகியிருந்தது. அதற்கு “இரத்தக் கண்ணீர்” என்று பெயர். செல்வத்தைப் பற்றி தேசத் தலைவர்கள் பந்தலில் உட்கார்ந்து யோசனை செய்வதற்கு முன்னாலேயே, தரை டிக்கெட்டு ஜனங்கள் இருட்டில் உட்கார்ந்து ஒரு பணக்காரனின் வீழ்ச்சியைக் கண் கொட்டாமல் பார்த்து விட்டார்கள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே காலத்துக் காற்று இரண்டு இடத்திலும் வீசிற்று என்றுதான் சொல்கிறேன்.

படத்தைப் பார்த்திராத இளைஞர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். மோகனசுந்தரம் என்பவன் சீமான் வீட்டுப் பிள்ளை. வெளிநாடு போய்ப் படித்துத் திரும்புகிறான். படிப்பு எவ்வளவு வந்ததோ தெரியாது, சொந்த ஊரின் பேரில் அருவருப்பு மட்டும் ஏராளமாக வந்திருக்கிறது. சந்திரா என்னும் அடக்கமான பெண்ணை அவனுக்கு மணம் முடிக்கிறார்கள். அவளுடைய நடை, உடை, பேச்சு ஒன்றும் அவனுக்குப் பிடிக்கவில்லை. காந்தா என்னும் தாசியிடம் மனத்தைப் பறி கொடுக்கிறான். பெற்ற தாயையும் கட்டிய மனைவியையும் உதறித் தள்ளுகிறான். பணம் கரைகிறது. தொழுநோய் பற்றுகிறது. பணம் தீர்ந்ததும் காந்தாவின் வீட்டிலிருந்து உதைத்து விரட்டப்படுகிறான். கண் பார்வையும் போய், தெருத் தெருவாய் அலைந்து பிச்சை எடுக்கிறான். கடைசியில் மனைவி சந்திராவையும் நண்பன் பாலுவையும் சந்திக்கிறான். சந்திராவைப் பாலு மணம் செய்து கொள்ள வேண்டும் என்றும், நோயுற்ற கோலத்திலேயே தனக்கு ஒரு சிலை வைக்க வேண்டும் என்றும் கேட்டுக் கொள்கிறான்.

கதை எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு. நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் தயாரித்தார். “பராசக்தி”யை எடுத்த அதே கிருஷ்ணன்-பஞ்சு இருவரும் டைரக்ட் செய்தார்கள். ஆனால் கொட்டகைக்கு வந்த ஜனங்களிடம் இந்தப் பெயர்களையெல்லாம் சொல்லியிருந்தால், “அதெல்லாம் இருக்கட்டும், ராதா வருகிறாரா?” என்றுதான் கேட்டிருப்பார்கள்.

எம். ஆர். ராதா சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர். சினிமாவில் தலை காட்டிவிட்டுப் பல வருஷ காலம் அதை விட்டு விலகி, நாடக மேடையே கதியென்று இருந்தார். “இரத்தக் கண்ணீர்” முதலில் நாடகம். ஊர் ஊராக, மேடை மேடையாக அவர் நடத்திய நாடகம். படம் வந்த பிறகும் நாடகத்தை நிறுத்தவில்லை. சாதாரணமாகப் படம் வந்து விட்டால் நாடகம் செத்துப் போகும். இங்கே படம் பார்த்தவர்களே நாடகத்துக்கும் வந்து உட்கார்ந்தார்கள். ஏனென்றால் அன்றைக்குக் காலைப் பத்திரிகையில் வந்த செய்தி அன்றைக்கு ராத்திரி மோகனசுந்தரத்தின் வாயிலிருந்து பரிகாசமாக வந்து விழும். மந்திரிகள், சாமியார்கள், பணக்காரர்கள் யாரையும் அவர் விடுவதில்லை. 1954-ல் சென்னை சர்க்கார் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று கொண்டு வந்ததற்கு ராதாவின் நாடகங்கள் ஒரு முக்கிய காரணம் என்று இன்றும் சொல்லுவார்கள். அவருடைய கொள்கைகள் எல்லாருக்கும் சம்மதமானவை அல்ல. கடவுள் பக்தியுள்ள குடும்பத்தார் அவர் பேச்சைக் கேட்டு முகஞ் சுளித்ததுண்டு. சுளித்தவர்களில் பாதிப் பேர் அடுத்த தடவை நாடகம் நடந்த போது முன் வரிசையில் இருந்தார்கள் என்பதும் ஊரறிந்த விஷயம்.

அந்த நடிப்பின் விசித்திரம் என்னவென்றால், கெட்டவன்தான் படத்திலேயே புத்திசாலி. பாலுவாக வரும் எஸ். எஸ். ராஜேந்திரன் நல்லவர், நல்லதையே பேசுகிறார். சந்திராவாக வரும் ஸ்ரீரஞ்சனி கண்ணீரை உருக்கமாக வடிக்கிறார். ஆனால் நகைச்சுவையெல்லாம் மோகனசுந்தரத்துக்கே சொந்தம். கோட்டும் சூட்டும் சிகரெட்டுமாக நிற்கும் போதும் அவன் சிரிக்க வைக்கிறான். கந்தலும் கட்டுமாக ஊன்றுகோலைப் பிடித்து நிற்கும் போதும் சிரிக்க வைக்கிறான். ஒரே வாக்கியத்துக்குள் குரல் கீச்சென்று மேலே ஏறி, கரகரவென்று கீழே இறங்கும். சிரித்துக் கொண்டே இருக்கிற நமக்குத் திடீரென்று, நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற நினைவு வருகிறது. அந்த க்ஷணத்தில் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. வேறொரு நடிகர் இந்த வேஷத்தைப் போட்டிருந்தால் வெறும் உபதேசக் கதையாக முடிந்திருக்கும்.

காந்தாவாக நடித்த எம். என். ராஜத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்போது அவர் மிகவும் இளம் பெண். இவ்வளவு பெரிய நடிகரைக் காலால் உதைக்கிற காட்சியில் நடிக்கவே தயங்கினார் என்பார்கள். திரையிலே அந்தத் தயக்கம் துளியும் இல்லை. ஆனால் காந்தாவுக்குக் கதாசிரியர் நியாயம் செய்தாரா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் வெகு காலம் போராடி, 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை ராஜதானியில் நிறைவேறி விட்டது. அந்தத் தொழிலில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பேராசை எங்கிருந்து வந்தது, அவளுக்கு வேறு என்ன வழி திறந்திருந்தது என்று படம் விசாரிக்கவில்லை. மோகனசுந்தரத்தின் அழிவுக்கு மூன்று மணி நேரம் கொடுத்தவர்கள் காந்தாவின் வாழ்வுக்கு மூன்று நிமிஷமாவது கொடுத்திருக்கலாம்.

* * *

இந்தக் கதையை இதற்கு முன்பே கேட்ட மாதிரி இருக்கிறதே என்று பெரியவர்களுக்குத் தோன்றலாம். தோன்றுவது சரிதான். சரியாகப் பத்து வருஷம் முன்பு, 1944-ஆம் வருஷத் தீபாவளிக்கு வந்த “ஹரிதாஸ்” ஏறக்குறைய இதே கதைதான். அதிலும் பணக்காரப் பிள்ளை, அதிலும் தாசி, அதிலும் பெற்றவர்கள் வீட்டை விட்டு விரட்டப்படுகிறார்கள், அதிலும் சொத்தெல்லாம் தாசியின் கைக்குப் போகிறது. தியாகராஜ பாகவதர் ஹரிதாஸ், டி. ஆர். ராஜகுமாரி ரம்பா, என். சி. வஸந்தகோகிலம் மனைவி லக்ஷ்மி. முனிவர் ஒருவரை அவமதித்த ஹரிதாஸ் கால்களை இழக்கிறான். பிறகு மனந்திருந்தித் தாய் தந்தையருக்குப் பணிவிடை செய்கிறான். போன கால்கள் திரும்பி வருகின்றன; பகவானே வந்து வாசலில் காத்து நிற்கிறார்.

இரண்டு படங்களுக்கும் நடுவில் பத்து வருஷம், ஒரு சுதந்திரம், ஒரு தேசப் பிரிவினை. 1944-ல் போன கால் திரும்பி வந்தது. 1954-ல் போனது போனதுதான். மோகனசுந்தரம் எவ்வளவு அழுதாலும் எந்த முனிவரும் வரவில்லை. தன் வீழ்ச்சிக்குத் தலையெழுத்தையோ கிரகசாரத்தையோ காரணம் காட்டவும் கதாசிரியர் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை. கெட்டுப் போனது அவன் கையாலேயே. இதுதான் இந்தப் படத்தின் புதுமை என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ் சினிமாவில் பணக்காரனுக்கு இருந்து வந்த மன்னிப்புச் சீட்டு இங்கே ரத்தாகி விட்டது.

ஆனால் திரைக்கு வெளியே அதிர்ஷ்ட தேவி தன் திருவிளையாடலை நிறுத்தி விடவில்லை. “ஹரிதாஸ்” வெளியாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. 1944 நவம்பர் மாதம் 8-ஆம் தேதி, வேப்பேரியில் ஸி. என். லக்ஷ்மிகாந்தன் என்னும் பத்திரிகைக்காரர் ரிக்ஷாவில் போய்க் கொண்டிருந்த போது கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். நட்சத்திரங்களின் அந்தரங்கங்களை அச்சிட்டு வந்தவர் அவர். அந்த வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. பிரிவி கவுன்ஸில் வரை போய்த் திரும்பிய வழக்கில் 1947 ஏப்ரலில் விடுதலை ஆனார்கள். பாகவதர் சிறையில் இருக்கையில் அவருடைய “ஹரிதாஸ்” சென்னை பிராட்வே கொட்டகையில் ஓடிக் கொண்டேயிருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. திரையில் கால் திரும்பப் பெற்று நடந்த மனிதர் வெளியே கம்பிக்குப் பின்னால் இருந்தார்! விடுதலையான பிறகு எடுத்த படங்கள் ஒன்றும் பழைய பாகவதரை மீட்டுத் தரவில்லை. 1959-ல் காலமானார். தங்கத் தட்டில் சாப்பிட்டவர் என்று ஜனங்கள் கதை கதையாகச் சொன்ன மனிதர் அவர்.

சீமைக்காரர்கள் இந்த அதிர்ஷ்ட விஷயத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க டைரக்டர் உடி ஆலன் 2005-ல் லண்டனில் எடுத்த “மேட்ச் பாயிண்ட்” என்ற படத்தில், ஏழையாய்ப் பிறந்த டென்னிஸ் ஆட்டக்காரன் ஒருவன் செல்வந்தர் வீட்டு மாப்பிள்ளை ஆகிறான். மனைவி ஒருத்தி, காதலி ஒருத்தி. காதலி கர்ப்பவதியாகி உண்மையை வெளியிடப் போவதாகச் சொல்லவும், அவளைச் சுட்டுக் கொன்று விடுகிறான். திருட்டுக்காக நடந்த கொலை என்று தோன்றச் செய்வதற்காக, அடுத்த வீட்டுக் கிழவியையும் கொன்று அவள் நகைகளை எடுத்துப் போய் ஆற்றில் எறிகிறான். ஒரு மோதிரம் மட்டும் கைப்பிடிச் சுவரில் பட்டு, ஆற்றில் விழாமல் இந்தப் பக்கமே விழுந்து விடுகிறது. பார்க்கிற நாம், “தொலைந்தான்! இந்த மோதிரந்தான் இவனைக் காட்டிக் கொடுக்கப் போகிறது” என்று எண்ணுகிறோம். நடப்பதோ நேர்மாறு. அந்த மோதிரம் வேறொருவன் கையில் அகப்பட்டு, அவன் பேரில் பழி போய், கொலைகாரன் தப்பி விடுகிறான். தொட்டிலும் குழந்தையும் மாளிகையுமாகப் படம் முடிகிறது.

மோகனசுந்தரத்துக்கு அப்படி ஒரு மோதிரம் கிடைக்கவில்லை. நம்முடைய ஜனங்கள் அதைச் சகித்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: நமக்குத் தெரிந்த பெரிய மனிதர்களில் மோகனசுந்தரத்தைப் போல் தெருவுக்கு வந்தவர்கள் அதிகமா, அந்த டென்னிஸ்காரனைப் போல் தப்பியவர்கள் அதிகமா?

* * *

இனிமேல் ரயிலை விட்டுச் சாலைக்கு வருவோம். பரங்கிமலையிலிருந்து நந்தம்பாக்கம், ராமாவரம், போரூர் வழியாகப் பூவிருந்தவல்லிக்கு ஒரு சாலை போகிறது. இப்போது அதில் கார்களும் லாரிகளும் ஒன்றையொன்று முட்டிக் கொண்டு நிற்கின்றன. பூவிருந்தவல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் பக்கத்தில் பெரிய படப்பிடிப்பு நகரமே இருக்கிறது. ஒரு மாளிகைக்குள் சிலரை மாதக் கணக்கில் அடைத்து வைத்து, யார் கெட்டிக்காரர், யார் அதிர்ஷ்டசாலி என்று நாடு முழுவதும் வேடிக்கை பார்க்கிற தொலைக்காட்சி நிகழ்ச்சியும் அங்கே படமாகியிருக்கிறது. அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. வீட்டில் சோறு கிடைக்காது.

இந்தச் சாலையில் ராமாவரத்தில்தான் எம். ஜி. ராமச்சந்திரனின் தோட்ட வீடு. 1967 ஜனவரி 12-ஆம் தேதி மாலை ராதா அங்கே போனார். கூடப் படத் தயாரிப்பாளர் ஒருவரும் போயிருந்தார். பேச்சு நடந்தது. துப்பாக்கி வெடித்தது. எம். ஜி. ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. ராதாவும் குண்டடி பட்டார். இருவரும் பிழைத்தார்கள். இரண்டு பேருக்கும் இரண்டு விதமான பிழைப்பு. அடுத்த மாதமே பொதுத் தேர்தல். எம். ஜி. ஆர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். கழுத்துக் கட்டுடன் இருந்த அவருடைய படம்தான் ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தது. பரங்கிமலைத் தொகுதியில் வெற்றி பெற்றார். அவர் குரல் மாறிப் போயிற்று. ஆனால் செல்வாக்கு முன்னிலும் உயர்ந்தது. பத்து வருஷத்துக்குப் பின் முதல் மந்திரியும் ஆனார். ராதா செங்கற்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணைக்கு நின்று சிறைக்குப் போனார்.

லண்டன் படத்தில் மோதிரம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் ஒரு மனிதனுடைய கதி இருந்தது. ராமாவரத்தில் குண்டு கொஞ்சம் இப்படியோ அப்படியோ போயிருந்தால் இரண்டு மனிதர்களுடைய கதி மட்டுமா, தமிழ்நாட்டின் கதியே வேறாக இருந்திருக்கும். அதிர்ஷ்டத்துக்கு இடமே கொடுக்காத கதையில் ஆயிரக் கணக்கான இரவுகள் நடித்த மனிதர், ஒரே ஒரு மாலையில் அதன் கையில் சிக்கிக் கொண்டார்.

* * *

இவ்வளவு தூரம் படத்தைப் புகழ்ந்தாயிற்று. இனி அதன் மேல் எனக்குள்ள குறையைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. குறை சாமானியமானதல்ல.

கதாசிரியர் தலையெழுத்தை ஒழித்தார், கிரகத்தை ஒழித்தார். தண்டனை கொடுக்க யாராவது வேண்டுமே! அந்த நாற்காலியில் தொழுநோயைக் கொண்டு வந்து உட்கார வைத்து விட்டார். மூடநம்பிக்கையை எதிர்த்து எழுந்த நாடகம், எல்லாவற்றிலும் பழைய மூடநம்பிக்கை ஒன்றைக் கையில் எடுத்துக் கொண்டது. பாவம் செய்தவனுக்குக் குஷ்டம் வரும் என்பது நம் பாட்டிமார் காலத்துப் பேச்சு. நார்வே தேசத்து டாக்டர் ஹான்ஸன் அந்த நோய்க்குக் காரணமான கிருமியை 1873-லேயே கண்டுபிடித்து விட்டார். தாசி வீட்டுக்குப் போவதால் அந்த நோய் வருவதில்லை. பரம்பரையாகவும் வருவதில்லை. பெரும்பாலான மனிதர்களின் உடம்பே அதைத் தடுத்து விடுகிறது. சிகிச்சை பெறாத நோயாளியுடன் வெகு காலம் நெருங்கிப் பழகினால்தான், அதுவும் சிலருக்கே, தொற்றுகிறது. ஒழுக்கமுள்ளவனுக்கும் வரும், குழந்தைக்கும் வரும்.

இதில் வருத்தமான வேடிக்கை ஒன்று உண்டு. படம் எடுத்த காலத்தில் அந்த நோய்க்கு மருந்து இருந்தது. அதுவும் எங்கோ சீமையில் அல்ல. செங்கற்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் ஆசிரமத்தில், டாக்டர் ராபர்ட் காக்ரேன் போன்றவர்கள் 1940-களிலேயே ஸல்போன் மருந்துகளைக் கொண்டு வைத்தியம் செய்து வந்தார்கள். ஆவடி மகாநாடு நடந்த அதே 1955-ல் இந்திய சர்க்கார் அந்த ஆஸ்பத்திரியை ஏற்று மத்திய ஆராய்ச்சி நிலையமாக்கிற்று. தேசிய அளவில் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் அந்த வருஷமே தொடங்கிற்று. 1980-களிலிருந்து பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு சிகிச்சை வந்து விட்டது. ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டால் நோய் குணமாகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கிறது. காலத்தோடு போனால் விரலோ கண்ணோ போவதில்லை.

காலத்தோடு போனால்! தோலில் உணர்ச்சியற்ற தேமல் ஒன்று தென்பட்டதும் டாக்டரிடம் காட்டாமல் சட்டைக்குள் மறைக்கிறவன் எதற்காக மறைக்கிறான்? நோய்க்குப் பயந்தா? இல்லை, “என்ன பாவம் செய்தானோ” என்ற ஊர்ப் பேச்சுக்குப் பயந்து. அந்தப் பேச்சுக்கு மோகனசுந்தரம் ஒரு முகத்தைக் கொடுத்து விட்டான். தமிழ்நாட்டில் மட்டுமல்ல, ஆந்திர தேசத்தில் நாகபூஷணம் இந்த நாடகத்தைத் தெலுங்கில் நடத்தி அங்கேயும் புகழ் பெற்றார். எவ்வளவுக்கெவ்வளவு நடிப்பு உயர்வோ அவ்வளவுக்கவ்வளவு கெடுதலும் ஆழமாகப் பதிந்தது. மோசமான நடிகர் யாராவது நடித்திருந்தால் ஜனங்கள் மறந்தாவது போயிருப்பார்கள்.

தன்னைப் போன்ற நோயாளியின் சிலையை ஊர் நடுவே வைக்கச் சொல்கிறானே, அந்தச் சிலையைத் தாண்டி ஓர் உண்மையான நோயாளி எப்படி நடந்து போவான் என்று அவன் யோசிக்கவில்லை.

* * *

கடைசியாகச் சந்திராவைப் பற்றி. மனைவியை வேறொருவனுக்கு மறுமணம் செய்து வைக்கச் சொல்லும் கணவனை 1954-ல் தமிழ்த் திரையில் காட்டியது பெரிய துணிச்சல். கணவன் எப்பேர்ப்பட்டவனாயிருந்தாலும் அவன் காலடியே கதி என்று கதாநாயகிகள் பாடிக் கொண்டிருந்த நாள் அது. கொட்டகையில் எத்தனை பெண்கள் முந்தானையால் வாயை மூடிக் கொண்டு அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள்! அவர்களில் சிலராவது வீட்டுக்குப் போய் அன்றிரவு தூங்காமல் இருந்திருப்பார்கள்.

சில மாதங்களுக்கு முன் அம்பத்தூரில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். தொலைக்காட்சியில் இந்தப் படம் ஓடிற்று. கூடத்தில் குழந்தைகள் ராதாவின் குரலைப் போலப் பேசிக் காட்டிக் கும்மாளமடித்தார்கள். எண்பது வயது தாண்டிய அத்தைப் பாட்டி ஒருத்தி மூலையில் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்றே நினைத்தேன். கடைசிக் கட்டம் வந்தது. மோகனசுந்தரம் பாலுவிடம் சந்திராவை ஒப்படைக்கும் பேச்சைப் பேசி முடித்தான். பாட்டி கண்ணைத் திறக்காமலே, “ஏண்டாப்பா, இத்தனையும் பேசினானே, அவளை ஒரு வார்த்தை கேட்டானா?” என்றாள்.

கூடத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. இத்தனை தடவை படம் பார்த்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

வீட்டுக்கு வந்து பழைய சட்டங்களைப் புரட்டினேன். சென்னை ராஜதானியில் 1949-லேயே ஹிந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்துக்கு இடங் கொடுக்கும் சட்டம் வந்து விட்டது. 1955 மே மாதத்தில் இந்தியா முழுமைக்கும் ஹிந்து விவாகச் சட்டம் வந்தது. கணவன் வேறொருத்தியோடு வாழ்ந்தால் மனைவி விடுதலை கேட்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அதாவது மோகனசுந்தரத்தின் அநுமதி சந்திராவுக்குத் தேவையே இல்லை. கோர்ட்டுக்குப் போகத் துணையும் ரயில் சார்ஜும் இருந்தால் போதும். அதே சட்டத்தில் தீராத தொழுநோயும் விவாகரத்துக்கு ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. வியபிசாரமும் வியாதியும் பக்கத்தில் பக்கத்தில்! மோகனசுந்தரத்தின் இரண்டு குற்றங்கள் என்று ஜனங்கள் எண்ணினவற்றைப் பார்லிமெண்டும் ஒரே பட்டியலில் வைத்தது. அவற்றில் வியாதியை மட்டும் நீக்குவதற்கு 2019-ஆம் வருஷம் வரை ஆயிற்று.

அடுத்த தடவை அம்பத்தூர் போன போது இதைப் பாட்டியிடம் விவரமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். சந்திராவுக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்குமா என்று கேட்டாள். தெரிந்திருக்காது என்றேன். “பின்னே என்ன!” என்று சொல்லி விட்டு, வெற்றிலைப் பெட்டியை எடுத்துத் தரும்படி கையை நீட்டினாள்.